மல்கம் எக்ஸ் கொலை வழக்கு: செய்யாத குற்றத்துக்கு 42 வருடங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

ஒவ்வொரு பெப்ரவரி 21ஆம் திகதியும் மல்கம் எக்ஸின் படம் நமது பேஸ்புக் பக்கங்களில் வலம் வரும். கறுப்புக் கண்ணாடிச் சட்டமும் உயர்த்திய விரலும் உள்ள அந்தப் படத்தின் கீழே அவரது வாழ்க்கைக் குறிப்பு இருக்கும். கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: "அவரைக் கொன்ற மூவரும் கைது செய்யப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றனர்."

அந்தக் கடைசி வரி பிழையானது. மூவர் தண்டிக்கப்பட்டது உண்மை. ஆனால் அவர்களில் இருவர் அந்தக் கொலையைச் செய்யவில்லை. இதை 2021 நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டு அவர்களது தண்டனையை இரத்துச் செய்தது. அதற்கிடையில் 55 வருடங்கள் கடந்துவிட்டன. இருவரில் ஒருவர் அந்த நாளைக் காணாமலேயே வபாத்தாகிவிட்டார்.

இந்த வழக்கைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இரண்டு முஸ்லிம்களின் பெயரில் ஒட்டிய பழியை நாமும் தெரியாமல் வருடாவருடம் பகிர்ந்து வருகிறோம். மற்றது, அமெரிக்காவில் ஒரு குற்ற வழக்கு எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைப்பது அரிது. கைது, கிராண்ட் ஜூரி, ஜூரி விசாரணை, தண்டனை, மேன்முறையீடு, பரோல், மீள்விசாரணை, நட்டஈடு என்று எல்லாப் படிகளும் இதில் இருக்கின்றன. உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும் பிள்ளைகள் அமெரிக்க அரசியலமைப்பைப் படிக்கிறார்கள். தடைகளும் சமன்பாடுகளும் என்று பரீட்சைக்கு எழுதுகிறார்கள். அவை ஒரு மனிதனின் வாழ்க்கையில் எப்படி வேலை செய்கின்றன, எங்கே வேலை செய்யாமல் போகின்றன என்பதை இந்த வழக்கில் பார்க்கலாம்.

*அன்று நடந்தது*

1965 பெப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. நியூயோர்க் நகரின் மன்ஹட்டன் பகுதியில் ஓடுபோன் போல்ரூம் என்ற மண்டபம். மல்கம் எக்ஸ் உரையாற்ற மேடைக்கு வருகிறார். அவருக்கு வயது 39. ஒரு வருடத்துக்கு முன்னர்தான் நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கத்திலிருந்து விலகி, ஹஜ் செய்து, அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்ற பெயரோடு திரும்பியிருந்தார். கறுப்பினத்தவருக்கென்று தனி மார்க்கம் போதித்த அந்த இயக்கத்தை விட்டு, நாம் அறிந்த பொதுவான இஸ்லாத்துக்குள் வந்திருந்தார். அந்தப் பிரிவு பகையாக மாறியது. ஒரு வாரத்துக்கு முன்னர், பெப்ரவரி 14ஆம் திகதி, அவரது வீட்டுக்குத் தீக்குண்டு வீசப்பட்டது.

பேச ஆரம்பிக்கும்போது சபையில் இருவர் சண்டை பிடிப்பதுபோல் சத்தமிட்டனர். கவனம் அங்கே திரும்பியதும் ஒருவன் முன்னால் வந்து குழல் துப்பாக்கியால் நெஞ்சில் சுட்டான். வேறு இருவர் கைத்துப்பாக்கிகளால் சுட்டனர். மனைவி பெட்டியும் பிள்ளைகளும் அதே மண்டபத்தில் இருந்தார்கள்.

ஓடித் தப்ப முயன்ற ஒருவனை மல்கமின் பாதுகாவலர் ஒருவர் காலில் சுட்டார். சனம் பிடித்துக்கொண்டது. அவன் பெயர் டால்மட்ஜ் ஹேயர். அவனை அங்கேயே பொலிஸார் கைது செய்தனர். மற்றவர்கள் தப்பிவிட்டார்கள்.

*கைது*

அமெரிக்காவில் கொலை வழக்கு பெரும்பாலும் மாநிலத்துக்குரிய விடயம். மத்திய அரசுக்குரியது அல்ல. எனவே இதை விசாரித்தது நியூயோர்க் நகரப் பொலிஸ். எஃப்.பி.ஐ. என்பது மத்திய அரசின் புலனாய்வு அமைப்பு. அது தன் பாட்டில் ஒரு கோப்பு வைத்திருந்தது. இரண்டும் வெவ்வேறு நிர்வாகங்கள். இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பொலிஸார் ஐந்து நாட்களின் பின், பெப்ரவரி 26ஆம் திகதி, நோர்மன் பட்லர் என்பவரைக் கைது செய்தனர். மார்ச் 3ஆம் திகதி தோமஸ் ஜோன்சன் கைதானார். இருவரும் நேஷன் ஒஃப் இஸ்லாத்தின் ஹார்லம் பள்ளியைச் சேர்ந்தவர்கள். பட்லர் அமெரிக்கக் கடற்படையில் சேவை செய்தவர், வயது 26, ஆறு பிள்ளைகளின் தகப்பன். ஜோன்சன் ஒரு காலத்தில் மல்கமுக்கே வாகனம் ஓட்டியவர். இயக்கத்தை விட்டு விலகிய இன்னொருவரைச் சுட்டதாக முந்திய மாதம் பதிவான ஒரு வழக்கில் இருவரும் பிணையில் இருந்தார்கள். ஆகவே பொலிஸாரின் பட்டியலில் அவர்களது பெயர்கள் ஏற்கெனவே இருந்தன.

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தின்படி ஒருவரைக் கைது செய்ய நியாயமான ஏது இருக்க வேண்டும். அது குற்றத்தை நிரூபிப்பது அல்ல, அதைவிட மிகக் குறைந்த அளவு. இவர்தான் என்று நம்ப ஒரு காரணம் இருந்தால் போதும். இங்கே அந்தக் காரணம், மண்டபத்தில் இவர்களைக் கண்டதாகச் சிலர் சொன்ன சாட்சியம்.

*கிராண்ட் ஜூரி*

கைது செய்யப்பட்டவர் நீதிபதி முன் கொண்டுவரப்படுவார். குற்றச்சாட்டு வாசிக்கப்படும். பிணை பற்றித் தீர்மானிக்கப்படும். நியூயோர்க் மாநிலத்தில் பாரிய குற்றமென்றால் அடுத்த படி கிராண்ட் ஜூரி. 16 முதல் 23 வரையான சாதாரண பிரஜைகள் கொண்ட சபை அது. இரகசியமாகக் கூடும். வழக்குத்தொடுநர் தன்னிடமுள்ள சாட்சியங்களை வைப்பார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து குறுக்கு விசாரணை செய்ய அங்கு இடமில்லை. 12 பேர் ஒப்புக்கொண்டால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும்.

அரசாங்கம் நினைத்தபடி ஆட்களை நீதிமன்றத்துக்கு இழுக்காமல் தடுப்பதற்காகவே இங்கிலாந்திலிருந்து இந்த முறை எடுக்கப்பட்டது. அங்கே கேட்கப்படுவது ஒரு பக்கக் கதை மட்டும் என்பதால் நடைமுறையில் இந்தத் தடுப்பு பலவீனமானது. 1965 மார்ச்சில் ஹேயர், பட்லர், ஜோன்சன் மூவர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இந்த இடத்தில் நமது நாட்டுக்கும் அங்குக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். இங்கே மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது சட்டமா அதிபர், அவர் நியமிக்கப்படுபவர். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி எனப்படும் மாவட்ட வழக்குத்தொடுநரை மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். யார் மீது வழக்கு, என்ன குற்றச்சாட்டு, எதைக் கைவிடுவது என்ற முடிவுகள் அவருடையவை. பெரிய வழக்கொன்றில் குற்றவாளி கிடைக்காவிட்டால் அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

*பேரம் பேசப்படும் நீதி*

திரைப்படங்களில் பார்ப்பதுபோல் அமெரிக்காவில் எல்லா வழக்கும் ஜூரிகள் முன் போவதில்லை. தண்டனையில் முடியும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலானவை விசாரணையே இல்லாமல் முடிகின்றன. குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை, இல்லாவிட்டால் விசாரணையில் கூடிய தண்டனை என்று வழக்குத்தொடுநர் பேரம் பேசுவார். குற்றமற்றவரும் பயந்து ஒப்புக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் உண்டு.

பட்லரும் ஜோன்சனும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தாங்கள் நிரபராதிகள் என்றே சொன்னார்கள். ஆகவே வழக்கு முழு விசாரணைக்குப் போனது.

*ஜூரி விசாரணை*

1966 ஜனவரியில் விசாரணை ஆரம்பமானது. நீதிமன்றத்தின் பெயர் நியூயோர்க் சுப்ரீம் கோர்ட். பெயரைப் பார்த்து அதியுயர் நீதிமன்றம் என்று நினைக்க வேண்டாம். நியூயோர்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது வழக்கை முதலில் விசாரிக்கும் நீதிமன்றம். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்கு அங்கே கோர்ட் ஒஃப் அப்பீல்ஸ் என்று பெயர். நீதிபதி சார்ள்ஸ் மார்க்ஸ் தலைமை தாங்கினார்.

ஆறாம் திருத்தம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சில உரிமைகளைத் தருகிறது. தாமதமற்ற, பகிரங்கமான விசாரணை. பக்கச்சார்பற்ற ஜூரி. தனக்கெதிரான சாட்சிகளை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரிமை. சட்டத்தரணியின் உதவி. பணமில்லாதவருக்கு அரசாங்கமே சட்டத்தரணியைக் கொடுக்க வேண்டும் என்பது 1963இல்தான் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாகத் தீர்ப்பானது. கிதியன் என்ற ஏழைக் கைதி புளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவில் பிறந்த தீர்ப்பு அது.

ஜூரர்கள் 12 பேர். இரு தரப்புச் சட்டத்தரணிகளும் கேள்வி கேட்டு, சிலரை நிராகரித்து, மிஞ்சுவோரைத் தெரிவு செய்வார்கள். நமது நாட்டின் சட்டத்திலும் ஏழு பேர் கொண்ட ஜூரி முறை இருக்கிறது, ஆனால் இப்போது அரிதாகவே பயன்படுகிறது. அமெரிக்காவில் இது விசாரணையின் இருதயம். சட்டம் என்ன என்பதை நீதிபதி சொல்வார். நடந்தது என்ன என்பதை ஜூரர்கள் தீர்மானிப்பார்கள். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அரச தரப்பினுடையது. குற்றஞ்சாட்டப்பட்டவர் வாய் திறக்க வேண்டிய கட்டாயமில்லை. நியூயோர்க்கில் குற்றவாளி என்று சொல்ல 12 பேரும் ஏகமனதாக இருக்க வேண்டும். குற்றவாளியல்ல என்று ஜூரர்கள் சொல்லிவிட்டால் அது இறுதி. அரச தரப்பு மேன்முறையீடு செய்ய முடியாது. ஒரே குற்றத்துக்காக ஒருவரை இரண்டாம் தடவை ஆபத்தில் தள்ளக்கூடாது என்பது ஐந்தாம் திருத்தம்.

காகிதத்தில் பார்த்தால் இவ்வளவு பாதுகாப்புகள். இப்போது சாட்சியத்துக்கு வருவோம்.

அரச தரப்பின் கதை: ஜோன்சன் குழல் துப்பாக்கியால் சுட்டார், பட்லரும் ஹேயரும் கைத்துப்பாக்கிகளால் சுட்டனர். ஹேயருக்கு எதிராகப் பொருட்சான்று இருந்தது. மண்டபத்தில் கிடந்த புகைக்குண்டில் அவனது விரலடையாளம் இருந்தது. பட்லரையும் ஜோன்சனையும் கொலையோடு இணைக்கும் பொருட்சான்று எதுவும் இல்லை. கண்ணால் கண்டோம் என்றவர்களின் வார்த்தை மட்டும்தான் இருந்தது. அந்தச் சாட்சியங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன.

இருவரும் வேறிடத்தில் இருந்தமையை எடுத்துரைத்தார்கள். பட்லருக்குக் காலில் வருத்தம். அன்று காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தெடுத்து வந்திருந்தார். அவரைப் பார்த்த வைத்தியரே சாட்சி சொன்னார். ஜோன்சன் மூட்டுவாதத்தால் வீட்டில் இருந்ததாக அவரது மனைவியும் அயலவரும் சொன்னார்கள். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இருவரும் ஹார்லத்தில் எல்லோருக்கும் தெரிந்த முகங்கள். மல்கமின் ஆட்கள் இவர்களை நன்றாக அறிவார்கள். நேஷனுடன் பகை உச்சத்திலிருந்த நாளில் இவர்கள் யாருடைய கண்ணிலும் படாமல் எப்படி மண்டபத்துக்குள் வந்திருக்க முடியும்?

பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பிடிபட்ட ஹேயர் சாட்சிக் கூண்டில் ஏறி, தான் கொலையில் பங்குபற்றியதை ஒப்புக்கொண்டான். பட்லருக்கும் ஜோன்சனுக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் சொன்னான். அப்படியென்றால் உன்னோடு வந்தவர்கள் யார் என்று கேட்டபோது பெயர்களைச் சொல்ல மறுத்தான். கூட்டாளிகளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்றது அரச தரப்பு.

1966 மார்ச்சில் ஜூரர்கள் மூவரையும் குற்றவாளிகள் என்றனர். ஏன் அந்த முடிவுக்கு வந்தோம் என்று ஜூரர்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 14ஆம் திகதி மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

*ஜூரர்கள் கேட்காதவை*

அந்த 12 பேரைக் குறை சொல்வது எளிது. அவர்கள் முன் வைக்கப்படாதவை எவை என்பதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

1963 மே மாதம், அதாவது இந்தக் கொலைக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், அமெரிக்க உயர் நீதிமன்றம் பிரேடி எதிர் மேரிலாண்ட் என்ற வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. பிரேடியும் இன்னொருவரும் சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கொலையில், கொன்றது தான்தான் என்று அந்த மற்றவர் கொடுத்த வாக்குமூலத்தை அரச தரப்பு மறைத்துவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான, வழக்குக்கு முக்கியமான சான்று கையில் இருந்தால் அதை அவரிடம் கொடுத்தே ஆக வேண்டும், மறைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்பதுதான் தீர்ப்பு. இன்றும் அமெரிக்கச் சட்டத்தரணிகள் இதைப் பிரேடி விதி என்றே சொல்கிறார்கள்.

மல்கம் எக்ஸ் வழக்கு நடந்தபோது இந்த விதி நடைமுறையில் இருந்தது. அப்படியிருந்தும் மறைக்கப்பட்டவை, 2021 விசாரணையில் வெளிவந்தபடி, இவை:

ஒன்று. குழல் துப்பாக்கி வைத்திருந்தவனின் அடையாளம் பற்றி எஃப்.பி.ஐ. கோப்புகளில் தகவல் இருந்தது. அது ஜோன்சனுக்குப் பொருந்தவில்லை. நியூஜேர்சி மாநிலத்தின் நியூவார்க் பள்ளியைச் சேர்ந்த வேறொருவருக்குப் பொருந்தியது.

இரண்டு. சாட்சிகளில் சிலர் எஃப்.பி.ஐ.யின் தகவலாளிகள். தாங்கள் யார் என்பதைப் பொலிஸாருக்கும் வழக்குத்தொடுநருக்கும் சொல்லக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவிடப்பட்டிருந்தது. உத்தரவு எஃப்.பி.ஐ. பணிப்பாளர் எட்கர் ஹூவரிடமிருந்தே வந்தது.

மூன்று. கொலை நடந்தபோது மண்டபத்துக்குள் நியூயோர்க் பொலிஸின் இரகசிய உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். வழக்குத்தொடுநருக்கு இது தெரிந்திருந்தது. எதிர்த்தரப்புக்குச் சொல்லப்படவில்லை. அவர்களில் ஒருவரான ஜீன் ரொபர்ட்ஸ் மல்கமின் பாதுகாப்புக் குழுவிலேயே சேர்ந்திருந்தவர். குண்டுபட்டு விழுந்த மல்கமுக்குச் சுவாசம் கொடுக்க முயன்றவரும் அவரே. அவர் சாட்சியாக அழைக்கப்படவேயில்லை.

நான்கு. மல்கம் கொல்லப்படுவார் என்று அன்று காலையில் ஒரு பத்திரிகையாளருக்குத் தொலைபேசி அழைப்பு வந்ததாகப் பொலிஸ் கோப்பிலேயே பதிவு இருந்தது.

மாநிலப் பொலிஸும் மத்திய எஃப்.பி.ஐ.யும் வெவ்வேறு நிர்வாகங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஒரு வீட்டின் சாவி இன்னொரு வீட்டின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. இரண்டு நிரபராதிகளை விடுவிக்கும் தாள்கள் இருந்தன. அவை நீதிமன்றத்துக்கு வரவில்லை. சாட்சிகளை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இருந்து என்ன பயன்? எதிரில் நிற்பவர் உண்மையில் யார் என்பதே சட்டத்தரணிக்குத் தெரியாதே.

*மேன்முறையீடும் மூடிய கதவும்*

தண்டனைக்குப் பிறகு மேன்முறையீடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைப் புதிதாகக் கேட்பதில்லை. சட்டம் சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று வழக்கேட்டைப் பார்த்து முடிவெடுக்கும். எந்தச் சாட்சியை நம்புவது என்பது ஜூரர்களின் வேலை. அதில் மேல் நீதிமன்றங்கள் இலகுவில் கைவைக்காது. ஏட்டில் இல்லாத ஒன்று மேன்முறையீட்டில் தெரியவும் வராது.

அதற்கு அப்பால் இன்னொரு வழி உண்டு. புதிய சான்று கிடைத்தாலோ, அரச தரப்பு சான்றை மறைத்தது தெரியவந்தாலோ, தண்டனையை இரத்துச் செய்யும்படி விசாரித்த நீதிமன்றத்திடமே மனுக் கொடுக்கலாம்.

1977, 1978ஆம் ஆண்டுகளில் அந்த வழி முயலப்பட்டது. ஹேயர் இறுதியில் சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்தான். இம்முறை பெயர்களோடு. தன்னோடு சேர்ந்து திட்டமிட்டவர்கள் நால்வர், நியூவார்க் பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்றான். யார் எங்கே இருந்தார்கள், யார் எதை வைத்திருந்தார்கள் என்றெல்லாம் எழுதினான். வில்லியம் கன்ஸ்ட்லர் என்ற பிரபலமான மனித உரிமைச் சட்டத்தரணி அதை நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்.

1978இல் நீதிபதி மனுவை நிராகரித்தார். வழக்கு மீண்டும் திறக்கப்படவில்லை. ஹேயர் பெயர் சொன்ன எவர் மீதும் ஒருபோதும் குற்றஞ்சாட்டப்படவில்லை. எஃப்.பி.ஐ.யின் கோப்பு அப்போதும் பெட்டிக்குள்தான் கிடந்தது.

*பரோல்*

பட்லர் முஹம்மத் அப்துல் அஸீஸ் ஆனார். ஜோன்சன் கலீல் இஸ்லாம் ஆனார். இருவரும் சிறையில் இருந்த காலத்தின் ஒரு பகுதியைத் தனிமைச் சிறையில் கழித்தார்கள். அஸீஸ் 20 வருடங்களின் பின் 1985இலும், கலீல் இஸ்லாம் 22 வருடங்களின் பின் 1987இலும் பரோலில் வெளிவந்தார்கள்.

பரோல் என்பது விடுதலை அல்ல. தண்டனை அப்படியே இருக்கும். மீதிக் காலத்தை நிபந்தனைகளோடு வெளியில் கழிக்க அனுமதி, அவ்வளவுதான். பரோல் சபை முன் கைதி போகும்போது செய்த குற்றத்துக்கு வருந்துகிறாரா என்று பார்ப்பார்கள். செய்யாதவர் எதற்கு வருந்துவது? வருந்தினால் பொய் சொன்னதாகும். மறுத்தால் திருந்தாதவர் என்றாகும். நிரபராதியான கைதிக்கு இது ஒரு தனியான சோதனை. இந்த இருவரும் கடைசி வரை மறுத்தே வந்தார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்ட ஹேயர் 2010இல் பரோலில் விடுவிக்கப்பட்டார். கலீல் இஸ்லாம் அதற்கு முந்திய வருடமே, 2009இல், மல்கம் எக்ஸின் கொலையாளி என்ற பட்டத்தோடு காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

*கதவு திறந்தது*

வழக்கை உயிரோடு வைத்திருந்தவர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே இருந்தவர்கள். வரலாற்றாய்வாளர்கள் பழைய கோப்புகளைத் தோண்டினார்கள். 2011இல் மானிங் மராபிள் எழுதிய வாழ்க்கை வரலாறு இந்தச் சந்தேகங்களைப் பரந்த வாசகர்களிடம் கொண்டுசென்றது. அப்துர் ரஹ்மான் முஹம்மத் என்ற சுயாதீன ஆய்வாளர் பல வருடங்கள் இதன் பின்னால் அலைந்தார். அவரது தேடலை வைத்து 2020இல் நெட்ஃபிளிக்ஸில் ஓர் ஆவணத் தொடர் வெளிவந்தது.

அதன் பிறகு மன்ஹட்டனின் மாவட்ட வழக்குத்தொடுநர் சைரஸ் வான்ஸ் வழக்கை மீளப் பார்க்க இணங்கினார். நிரபராதிகளை மீட்க உழைக்கும் இன்னசன்ஸ் ப்ரொஜெக்ட் அமைப்பும், அஸீஸின் சட்டத்தரணி டேவிட் ஷேனிஸும், வழக்குத்தொடுநர் அலுவலகமும் சேர்ந்து 22 மாதங்கள் விசாரித்தார்கள். எஃப்.பி.ஐ. கோப்புகளும் பொலிஸ் கோப்புகளும் அப்போதுதான் ஒரே மேசைக்கு வந்தன. உயிரோடு இருந்த ஒரு புதிய சாட்சியும் கிடைத்தார். கொலை நடந்த அன்று ஹார்லம் பள்ளியின் தொலைபேசிக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். தான் அஸீஸின் வீட்டு இலக்கத்துக்குத் திருப்பி எடுத்ததாகவும், அஸீஸே பேசியதாகவும் சொன்னார். அஸீஸ் அன்று வீட்டில் இருந்தார் என்பதற்கு இன்னொரு சான்று.

2021 நவம்பர் 18. 55 வருடங்களுக்கு முன் குற்றவாளிகள் என்று நிறுவிய அதே அலுவலகம், இந்தத் தண்டனையை இரத்துச் செய்யுங்கள் என்று எதிர்த்தரப்போடு சேர்ந்து கேட்டது. வான்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நீதிபதி எலன் பிபன் இரத்துச் செய்தார். அஸீஸுக்கு அப்போது வயது 83. தான் நிரபராதி என்பதை அறிய இந்த நீதிமன்றமோ ஒரு துண்டுக் காகிதமோ தனக்குத் தேவையில்லை என்ற கருத்தை அவர் அங்கே அமைதியாகச் சொன்னார்.

2022இல் நியூயோர்க் நகரம் 26 மில்லியன் டொலரும், மாநிலம் 10 மில்லியன் டொலரும் நட்டஈடாகக் கொடுக்க இணங்கின. அஸீஸுக்கும் கலீல் இஸ்லாத்தின் குடும்பத்துக்கும் சேர்த்து. மல்கம் எக்ஸின் புதல்விகள் 2024 நவம்பரில் எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ., நியூயோர்க் பொலிஸ் ஆகியவற்றுக்கு எதிராகத் தனியாக வழக்குத் தொடுத்தார்கள். குழல் துப்பாக்கியால் சுட்டவன் யார் என்று எந்த நீதிமன்றமும் இன்றுவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

*நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது*

இந்தக் கதையை வைத்து அமெரிக்காவைத் திட்டிவிட்டுப் போவது மிக இலகு. லைக் நிறைய விழும். ஆனால் அது பாதி உண்மைதான். அமெரிக்காவில் 1989 முதல் குற்றமற்றவர்கள் என்று நிறுவப்பட்டு மீண்டவர்கள் 3,000க்கும் அதிகம். அவ்வளவு பேர் பிழையாகத் தண்டிக்கப்பட்டார்கள் என்பது வெட்கம். அவ்வளவு பிழைகளையும் தேடிக் கண்டுபிடித்து, எண்ணி, பகிரங்கமாக வெளியிட ஆட்களும் சட்டமும் இருக்கிறார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய மறுபக்கம். ஒரு நாட்டின் நீதித்துறையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி பிழையே விடுவதில்லையா என்பது அல்ல. பிழையைத் திறந்து பார்க்க ஒரு கதவு இருக்கிறதா, அதைத் தட்ட ஒருவனுக்கு எவ்வளவு காலமும் பணமும் தேவைப்படுகிறது என்பதே.

மற்றது, உரிமைகளை எழுதி வைத்தால் மட்டும் போதாது. அஸீஸுக்கும் கலீலுக்கும் ஜூரி இருந்தது, சட்டத்தரணி இருந்தார், வைத்தியரின் சாட்சியம்கூட இருந்தது. இல்லாமல் போனது அதிகாரத்தில் இருந்தவர்களின் நேர்மை. தன் பக்க வாதத்துக்குப் பாதகமான தாளையும் எடுத்து மேசையில் வைக்கும் நேர்மை. பிரேடி விதி கேட்பது அதைத்தான். ஸூரா அந்நிஸாவின் 135ஆம் வசனத்தை அறிந்த நமக்கு இது புதிய பாடமல்ல.

கடைசியாக நம்மைப் பற்றி. எங்கோ ஒரு சம்பவம் நடந்தால் அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் படத்தோடு குற்றவாளி தயாராகிவிடுகிறார். ஒருவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார் என்ற செய்தியைக் கண்டதும் குற்றவாளி என்றே எழுதுகிறோம். பிறகு அவர் விடுதலையானால் அந்தச் செய்தியைப் பகிர்வதற்கு யாருமில்லை. அவருடைய பிள்ளைகள் நமது பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். ஸூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தை ஜும்ஆக்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! அஸீஸின் ஆறு பிள்ளைகளும் கொலைகாரனின் பிள்ளைகள் என்ற பெயரோடு வளர்ந்தார்கள்.

அடுத்த பெப்ரவரி 21 வரும். மல்கம் எக்ஸின் படம் மீண்டும் வலம் வரும். பகிருங்கள், பகிர வேண்டிய மனிதர்தான் அவர். ஆனால் மூவர் கொன்றார்கள் என்ற வரியைக் கண்டால் பேசாமல் கடந்து போகாமல், முஹம்மத் அப்துல் அஸீஸ், கலீல் இஸ்லாம் என்ற இரண்டு பெயர்களையும் 2021ஆம் ஆண்டையும் கொமெண்டில் எழுதிவிடுங்கள். நீதிமன்றம் 55 வருடங்களின் பின் திருத்திய வரியை நாம் இரண்டு நிமிடத்தில் திருத்தலாம்.

பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுங்கள். கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வல்ல அல்லாஹ் மல்கம் எக்ஸையும், பழி சுமந்தே மறைந்த கலீல் இஸ்லாத்தையும் பொருந்திக்கொள்வானாக.